சாய்வாக ஒரு வெட்டு

என் நாத்தனார் பன்னிரண்டு வருடம் கறிக்கடையில் கோழி வெட்டியவள். இப்போது ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. சூட்டுப்பெட்டியில் இருக்கும் முட்டைகளைத் தினமும் மூன்று முறை திருப்பிவிட வேண்டும். பதினெட்டாம் நாள் முட்டைக்குள் இருக்கும் குஞ்சின் முதுகிலிருந்து இரண்டு தசைகளை எடுத்துத் தர வேண்டும். கத்தி வைக்குமுன் கண்ணை மூடி ஆண்டவனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்வாள். அது எனக்குப் பிடிக்கும்.

ஒரு தசை நாள் முழுக்க இறக்கையை மடக்கிப் பிடித்திருக்குமாம். மெதுவானது, லேசில் களைக்காது. பக்கத்தில் இருப்பது வெடுக்கென்று இழுத்துவிட்டு ஓய்ந்துபோகும். இந்தக் குணம் குஞ்சு வெளியே வந்து ஓடியாடிய பிறகு வருவதில்லை. முட்டைக்குள்ளேயே, நரம்பு வந்து தொடுமுன்பே தொடங்கிவிடுகிறது என்று ஆராய்ச்சிக்கூடத்தை நடத்தும் டாக்டரம்மா சொன்னார்களாம்.

"மெதுவானது எங்க அண்ணன். வெடுக்குனு இழுக்கிறது நீங்க, அண்ணி!"

"இழுக்கலைன்னா உங்க அண்ணன் எழுந்திருப்பாரா?" என்றேன்.

மூன்று மாதம் பார்த்துவிட்டு வேலையை நிரந்தரமாக்குவதாகப் பேச்சு. கடைசி வாரத்தில்தான் வந்தது வினை. தசைத் துண்டு மிதக்கும் குப்பிக்குள் அந்தத் தசையின் பேர் எழுதிய சீட்டையும் போடுவார்கள். பென்சிலால் எழுதச் சொல்லியிருந்தார்கள். பென்சில் அழிந்துவிடுமே என்று இவள் பேனாவால் எழுதிவிட்டாள். உள்ளே இருந்தது ஸ்பிரிட். காலையில் பார்த்தால் பன்னிரண்டு குப்பியிலும் நீலத் தண்ணீர், வெள்ளைச் சீட்டு.

"கோழியக்கா, மூணு வார வேலை போச்சே!" என்று ஆராய்ச்சி மாணவி தலையில் கை வைத்தாள்.

"எது எதுன்னு இப்பக் கண்ணால சொல்ல முடியாதும்மா. எல்லாம் ஒரே வெளுப்பு," என்றார் டாக்டரம்மா.

இவள் இடுக்கியால் ஒன்றைத் தூக்கினாள். "இது மெதுவானது."

"எப்படிச் சொல்றீங்க?"

"நுனியைப் பாருங்கம்மா, சாய்வா இருக்கு. கடையில தொடைக்கறியைச் சாய்வா வெட்டுவேன், நெஞ்சுக்கறியை நேரா வெட்டுவேன். கூடையில கலந்தாலும் பிரிச்சிடலாம். மெதுவானதும் தொடைக்கறி மாதிரி நாள் முழுக்க உழைக்கிறதுதானே, அதான் இங்கயும் கை தானா அதைச் செஞ்சிருக்கு."

பன்னிரண்டையும் பிரித்து வைத்தாள். மெதுவான தசை மட்டும் பழுப்பாகும்படி ஒரு மருந்து உண்டு. அதைப் போட்டுப் பார்க்க இரண்டு நாள் ஆகும். அந்த இரண்டு நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நான் வேண்டிக்கொண்டே இருந்தேன்.

அவள் சொன்ன ஆறும் பழுப்பு. மற்ற ஆறும் வெளுப்பு. மாணவி அவளைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினாளாம். இனி அங்கே மெதுவான தசைக்கு எல்லாரும் போடுவது சாய்வு வெட்டுத்தான். சுவரில் எழுதியே ஒட்டிவிட்டார்கள், பென்சிலால்.

டாக்டரம்மா வேலை உத்தரவை எடுத்துக் கையெழுத்துப் போடக் குனிந்தபோது இவள் சொன்னாளாம்:

"இதை மட்டும் பேனாவுலயே போடுங்கம்மா."