முடிச்சின் மேல் ஒரு கையெழுத்து

பாரிஸ், தமிழ்க் கடைகள் நிறைந்த ரூ காய் தெரு. நாளை நான் சென்னை திரும்புகிறேன் என்று தெரிந்ததும் மளிகைக் கடைக்கார அக்கா, அங்கிருக்கும் தன் தங்கைக்கு ஒரு சாக்லேட் பார்சல் கட்டுகிறார். கயிற்று முடிச்சின் மேல் டேப் ஒட்டி, குறுக்கே பெரிதாகக் கையெழுத்துப் போடுகிறார். எனக்குச் சுருக்கென்கிறது.

"என்மேல நம்பிக்கை இல்லையாக்கா?"

"உங்களைச் சொல்லேல்லை, தம்பி. போனமுறை கொண்டுபோனது என்ர அத்தான். பாதிச் சொக்கலேட்தான் போய்ச் சேர்ந்தது."

சிரித்துவிடுகிறேன். காலையில் அருங்காட்சியகத்தில் இதையேதான் பார்த்தேன். நாலாயிரம் வருடங்களுக்கு முன் யூப்ரடிஸ் நதிக்கரை வணிகர்கள் மூட்டை முடிச்சில் ஈரக் களிமண் அப்பி முத்திரை குத்தியிருக்கிறார்கள். சிந்துவெளியிலும் அதே வழக்கம்தான். அக்காவிடம் சொல்கிறேன்.

அவர் பேனாவை மூடுகிறார். "அப்ப, அந்தக் காலத்திலையும் ஒரு அத்தான் இருந்திருக்கிறார், என்ன?"