கொசுவலைக்குள் ஒரு பவளம்

என் கண்ணாடித் தொட்டியில் இருப்பது உயிருள்ள ஒரே ஒரு பவளம். உப்புத் தண்ணீருக்குள் ஒரு கல், அதன்மேல் சட்டைப் பொத்தான் அளவில், பூப்போல விரிந்து மூடும் பதினோரு சிற்றுயிர்கள். நான் அவற்றைப் பூக்கள் என்பேன். டியூப்லைட் வெளிச்சம் போதாமல் அவை சுருங்கிக்கொண்டே வந்தன. கடைசியில் மூன்றுதான் விரிந்தன. இன்னும் ஒரு மாதம் விட்டால் கல்தான் மிஞ்சும்.

ஞாயிற்றுக்கிழமை கொளத்தூரில் ஒரு வண்ணமீன் கடைக்குப் போனேன். கடைகளில் எனக்கு வாயே வராது. பின்னால் வந்த இரண்டு பேரை முன்னே விட்டுவிட்டு நின்றேன்.

"இன்னா நைனா, வாங்க வந்தியா, வேடிக்கை பாக்க வந்தியா?" என்றார் கடைக்காரர்.

"பவளத்துக்கு எல்இடி லைட்டு..."

வெள்ளையில் ஒன்று, நீலத்தில் ஒன்று எடுத்து வைத்தார். "வெள்ளையத்தான் எல்லாரும் எடுத்துக்கினு போறாங்கோ. வூடே ஜெகஜோதியா இருக்கும்."

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, "ரெண்டையும் உங்க பவளத் தொட்டி மேல புடிச்சிக் காட்டுங்க" என்றேன். வெள்ளையில் பவளம் சுண்ணாம்பாகத் தெரிந்தது. நீலத்தில் பச்சையும் ஆரஞ்சும் உள்ளேயிருந்து எரிவதுபோல் மின்னின. "அய்யோ!" என்று கத்தியேவிட்டேன். கடையே திரும்பிப் பார்த்தது.

திருவொற்றியூரில் வீடு வரும்வரை நீல விளக்குப் பெட்டியை மடியிலேயே வைத்திருந்தேன். கிறிஸ்துமஸ் ஸ்டார் மாட்டும் கொக்கியில் விளக்கைத் தொட்டிக்கு மேல் தொங்கவிட்டு சுவிட்சைப் போட்டேன். ஒரு மணி நேரத்தில் அந்த மூன்று பூக்களும் மூடிக்கொண்டன. வெளிச்சத்தைக் குறைக்கும் வசதி இருக்கிறதா என்று ஆசையில் கேட்காமலே வாங்கியிருந்தேன். இல்லை.

நான் வெல்டர். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், கறுப்புக் கண்ணாடி போடாமல் வெல்டிங் சுடரைப் பார்த்துவிட்டு, கண்ணில் மண்ணைக் கொட்டியதுபோல் துடித்தவன். அதையே என் பவளத்துக்கும் செய்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. பழைய கொசுவலையைக் கிழித்து, நான்காக மடித்து, விளக்குக்கும் தண்ணீருக்கும் நடுவில் கட்டினேன்.

"இன்னாங்க, பவளத்த கொசு புடுங்குதா?" என்றாள் மனைவி. "நமக்கே வலை இல்ல. அதுக்கு நாலு மடிப்பா?"

மூன்று நாளைக்கு ஒரு மடிப்பாகக் குறைத்தேன். இரண்டாவது மடிப்பை எடுத்த பிறகு நான்கு பூக்கள் விரிந்தன. அடுத்ததை எடுத்தபின் ஏழு. கடைசி மடிப்பை அவிழ்த்துவிட்டு ஷிப்டுக்குப் போனவனுக்கு வேலையே ஓடவில்லை. சாயங்காலம் செருப்போடு ஓடிவந்து எண்ணினேன். பதினொன்றும் விரிந்து, பச்சையாக மின்னிக்கொண்டிருந்தன.

பக்கத்து வீட்டுக்காரரிடம் பல வருடமாகத் தலையாட்டுவதோடு சரி. அன்றைக்கு அவர் கதவைத் தட்டி, "கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்றேன்.