காலடிப்பேட்டையில் இடம் மாறிய கல்

பதினோரு வருடம் வடசென்னைத் தபால்களைப் பகுதிவாரியாகப் பிரித்துப் போட்டவள் நான். பாதி முகவரிகளில் கதவு எண் இருக்காது. ‘சலவைக்கல் பதித்த சுவர் அருகில், ராயபுரம்’, ‘கல்வெட்டு வீட்டுக்கு எதிரில், காலடிப்பேட்டை’ என்றுதான் எழுதியிருப்பார்கள். அந்தக் கற்களில் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. 2008 பிப்ரவரியில் மதுரைக்கு மாற்றல் உத்தரவு வந்தது. இனி எப்போது பார்ப்பது என்று ஒரு செவ்வாய்க்கிழமை விடுப்பு போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

காலை 7.10க்குப் பெரம்பூரில் பஸ். டிக்கெட் நான்கு ரூபாய், முப்பத்தைந்து நிமிடம். ராயபுரம் ரயில் நிலையத்து வாசலில் ஜமால் பாயின் ஆட்டோவை அரை நாளுக்கு இருநூற்றைம்பது ரூபாய் பேசி அமர்த்தினேன். கல் பார்க்கப் போகிறேன் என்றதும், வீடு கட்டுகிறேனாக்கும் என்று நினைத்து ஜல்லி மண்டிக்கு வண்டியைத் திருப்பினார். விஷயம் புரிந்த பிறகு என்னைவிட அவருக்குத்தான் ஆர்வம்.

ராயபுரத்துக் கல்லைத் தேடிக் கண்டுபிடிக்கவே ஒன்பதரை ஆகிவிட்டது. அது ஒரு பழைய வீட்டின் மதில் சுவரில், முழங்கால் உயரத்தில் இருந்தது. தெருவுக்குக் குழாய் போட்டுக் கொடுத்த படகுத் தரகர் ஒருவரின் நினைவாக வைத்தது என்று எதிர்வீட்டில் சொன்னார்கள். தேர்தலுக்குச் சுவருக்கு வெள்ளையடித்தவர்கள் கல்லுக்கும் அடித்துவிட்டதால் பெயர் மறைந்து, ‘தண்ணீர்’ என்ற சொல் மட்டும் தெரிந்தது. ஜமால் பாய் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பெயர் வரவில்லை.

அங்கிருந்து வடக்கே ஐந்து கிலோமீட்டர் காலடிப்பேட்டை. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் ஊர்ந்ததில் ஐம்பது நிமிடம் பிடித்தது. 10.40க்குத் தெருவில் நுழைந்தபோது உளிச் சத்தம் கேட்டது. நான் தேடி வந்த கல்லைத்தான் ஒரு கொத்தனார் பெயர்த்துக்கொண்டிருந்தார்.

‘மருத்துவச்சி பாக்கியம் அம்மாள் இவ்வீட்டில் வாழ்ந்தார். அவர் கையால் பிறந்தோர் வைத்த கல்.’ இவ்வளவுதான் அதில் எழுதியிருந்தது. உடைத்து எடுத்தால் பத்து நிமிடம், முழுசாக எடுத்தால் மத்தியானம் ஆகிவிடும் என்று கொத்தனார் சொன்னார். வீட்டை விற்பதற்காக உடைக்கச் சொல்லியிருந்தவர் வீட்டுச் சொந்தக்காரர் செல்வராஜ் அண்ணாச்சி. வீட்டின் முன்பக்கத்திலேயே மளிகைக்கடை வைத்திருந்தார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஊர் மரியாதை செய்த ஒருவரின் பெயரைக் காசுக்காக உடைக்கலாமா என்று நடுத்தெருவில் நின்று கேட்டேன். அவர் கல்லாவிலிருந்து இறங்கி வந்தார். ஒரு காலை இழுத்து நடந்தார். வாதம் வந்ததிலிருந்து கடையைப் பார்க்க முடியவில்லை, திருநெல்வேலிக்கே திரும்பப் போகிறார் என்பது பிறகுதான் தெரிந்தது.

“முப்பது வருசமா இந்தக் கல்லை நான்தாம்மா தொடச்சு வைக்கேன்” என்றார். “வாங்க வாரவன் எல்லாம், கல்லு இருந்தா கவர்மென்ட் வீட்டை எடுத்துக்கிடும்னு பயந்து ஓடுதான். மூணு பேரு ஓடிட்டான். நான் என்ன செய்யட்டும்?”

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். உடைக்காமல் எடுக்கவாவது முடியுமா என்று கேட்டேன். எடுத்து எங்கே வைப்பது என்றார். ‘இவ்வீட்டில்’ என்று எழுதிய கல்லை வேறெங்கே கொண்டுபோய் வைப்பது?

எதிர்ச்சாரியில் தன் வீட்டு வாசலில் ஆப்பக்கடை போட்டிருந்த கஸ்தூரி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

“என் வூட்டுச் செவுத்துல வச்சிக்கிறேன், குடுங்க” என்றார்.

இவ்வீட்டில் என்று எழுதியிருக்கிறதே என்றேன்.

“அந்தம்மா இந்த வூட்லயே குந்திகினா இருந்தாங்க? கூப்ட்ட வூட்டுக்கெல்லாம் நடந்து போனாங்க. நானே அவங்க கையில பொறந்தவதான். எந்த வூட்ல வச்சாலும் கரெக்டுதான்.”

அண்ணாச்சி கல்லை ஒருமுறை தடவிப் பார்த்தார். பிறகு கொத்தனாரிடம் மெதுவாக எடுக்கச் சொல்லிவிட்டு, கடைக்குள் கிடந்த அரை மூட்டை சிமென்டையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

இரண்டரை மணி நேரம் ஆனது. ஜமால் பாய் ஆட்டோவிலிருந்த கோணியை மடித்துக் கீழே விரித்து, கல் இறங்கும்போது தாங்கிக்கொண்டார். அப்படியும் வலது கோடி மூலை உடைந்து, கடைசிச் சொல்லான ‘கல்’ போய்விட்டது. எனக்கு மனசு கேட்கவில்லை.

“கல்லுல கல்லுன்னு எழுதித்தான் தெரியணுமா இன்னா?” என்றார் கொத்தனார். எல்லோரும் சிரித்துவிட்டோம். அண்ணாச்சியும்தான்.

கஸ்தூரி வீட்டுச் சுவரில் கல்லைப் பதித்ததும், சிமென்ட் இறுகும்வரை யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும் என்றார் கொத்தனார். ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, வலுவிருந்த கையால் அண்ணாச்சியே பிடித்துக்கொண்டார். வாடிக்கையாளர்கள் வந்து கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை. அண்ணாச்சியின் வீடு அடுத்த மாதமே விலைபோனதாக மதுரைக்கு வந்த பிறகு ஜமால் பாய் போனில் சொன்னார்.

போக நினைப்பவர்களுக்கு: காலை ஏழரைக்குள் ராயபுரத்தில் இருங்கள். பத்து மணிக்கு மேல் லாரி நெரிசல் ஆளை விடாது. தண்ணீர் பாட்டிலும் மூக்கை மூட ஒரு துணியும் கட்டாயம். கற்களில் இரண்டு வரிதான் இருக்கும். மிச்சத்தைத் தெரிந்துகொள்ள எதிர்வீட்டில் விசாரியுங்கள். என்னைப் போல முதலில் கோபப்படாதீர்கள்.

கஸ்தூரியின் கடை பதினொன்றரை வரை உண்டு. ஆப்பம் இரண்டு ரூபாய், தேங்காய்ப்பால் தனி. அவர் பிறந்த கதையைக் கேட்காமலே சொல்வார். அன்றைக்குப் பெருமழையாம். முழங்கால் தண்ணீரில் பாக்கியம் அம்மாள் நடந்து வந்தாராம். எனக்குச் சொன்னபோது முழங்கால்தான். அடுத்து ஆப்பம் வாங்க வந்தவரிடம் சொல்லும்போது இடுப்பளவுக்கு ஏறிவிட்டது. நீங்கள் போகும்போது எவ்வளவு ஏறியிருக்கிறது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.