குணமானவள் என்று போர்த்திய சால்வை

பச்சை நிறம், சரிகைக் கரை, ஓரத்தில் விலைச்சீட்டைக் கிழித்த பிசின். அந்தச் சால்வையை ஒருங்கிணைப்பாளர் என் மகளின் தோளில் போர்த்தியபோது வெள்ளிமலைச் சமுதாயக் கூடமே கைதட்டியது.

மனநலத் திட்டத்தின் அரசு மானியத்தைப் புதுப்பிப்பதற்காக அதிகாரிகள் பார்வையிட வந்த நாள் அது. மாதம் ஒருமுறை கள்ளக்குறிச்சியிலிருந்து டாக்டரை ஜீப்பில் மலைக்கு ஏற்றி வருவது அந்த மானியம்தான். திட்டத்தை நடத்திய தொண்டு நிறுவனத்தின் ஆள் இந்த ஒருங்கிணைப்பாளர். கசங்காத சட்டை, எதற்கும் ஒரு சிரிப்பு. எங்கள் பக்கத்தில் யாரைக் கௌரவித்தாலும் சால்வைதான். நோயாளிக்கும் போர்த்தலாம் என்று கண்டுபிடித்தவர் இவர் ஒருவர்தான். "குணமானவங்கள காட்னாதான் டீச்சர், மேல இருக்கறவங்க நம்புவாங்க" என்றார். மகளின் காதில் கேட்ட குரல்கள் அடங்கியிருந்தன, உண்மைதான். மாத்திரையால் அடங்கியிருந்தன. குணமாகிவிட்டாள் என்று டாக்டர் ஒருநாளும் சொன்னதில்லை. மைக்கில் சொன்னவர் இவர்: "இந்தப் பொண்ணு பூரண குணம்!"

மறுநாள் காலை மாத்திரையை நீட்டினேன். மகள் சிரித்தாள். "இன்னாம்மா நீ? அவ்ளோ பேர் முன்னாடி சரியாப்பூடுச்சுனு சொன்னாங்க. நீதான் என்னைப் பைத்தியமாவே வெச்சிக்கினு இருக்கணும்னு பாக்கற."

கெஞ்சினேன், திட்டினேன். டாக்டர் சொல்லியும் கேட்கவில்லை. ஒருங்கிணைப்பாளரிடமே போய் நின்றேன். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பாள் என்றேன். "பேப்பர்ல போட்டோ வந்துடுச்சு டீச்சர். இப்ப மாத்திப் பேசனா மானியம் இன்னாவறது? நீங்களே பக்குவமா சொல்லுங்க" என்று அதே சிரிப்பைச் சிரித்தார். மானியம் வந்தது.

மழைக்காலத்தில் குரல்களும் வந்தன. ஒரு மத்தியானம், வகுப்பில் இருந்த என்னிடம் பஸ் டிரைவர் ஒருவர் ஓடி வந்தார். மலைப்பாதை வளைவில், தடுப்புச்சுவர் மேல் நின்று மகள் பள்ளத்தோடு பேசிக்கொண்டிருந்தாளாம். அவர்தான் இடுப்பைப் பிடித்து இறக்கியிருக்கிறார். இன்றும் அந்த வளைவில் பஸ் திரும்பும்போது முன்சீட்டுக் கம்பியை என் கை தானாக இறுக்குகிறது. ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில், பிறரை மன்னிப்பதுபோல் என்ற இடம் வந்தால் என் வாய் மூடிக்கொள்கிறது.

ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த மகள் இப்போது வீடு திரும்பிவிட்டாள். சில நாள் மாத்திரை போடுகிறாள். சில நாள் எதற்கு என்று கேட்கிறாள்.

போன வாரம் ஒருங்கிணைப்பாளர் போன் செய்தார். மறுபடி அதிகாரிகள் வருகிறார்களாம். "பாப்பாவ கூட்டிகினு வாங்க டீச்சர். புது நோயாளியா சேத்துக்கலாம். நமக்கும் கணக்குல ஒரு ஆள் ஜாஸ்தியாவும்."

"வரோம் சார். அதே மைக்க புடிச்சி, இவளுக்குச் சரியாவல, மாத்திரை வேணும்னு அதிகாரிங்க முன்னாடி சொல்லுங்க. நீங்க சொன்னாதான் அவ கேப்பா."

"அதெப்படி டீச்சர்..." சிரிப்பு பாதியில் நின்றது. போனை வைத்துவிட்டார்.

உள்ளே மகள் தண்ணீர்த் தம்ளரோடு உட்கார்ந்திருந்தாள். மாத்திரை இன்னும் உள்ளங்கையில் இருந்தது.

"யாரும்மா போன்ல? எனக்குச் சரியாப்பூடுச்சுனு சொன்னாரே, அவரா?"