பக்கத்து வீட்டு அம்மாளின் ‘கிரீட்’

மொன்ட்ரியால், ஜனவரி 1973

பார்க் எக்ஸ்டென்ஷனில் தங்கை வசந்தாவின் வீட்டு வாசலில், விமான நிலையம் போக டாக்சிக்குக் காத்திருக்கிறேன். அவள் மாடியில் எனக்குப் புளியோதரை கட்டிக்கொண்டிருக்கிறாள். பக்கத்து வீட்டு ஸ்காட்லாந்து அம்மாள் பனி உறைந்த படியில் வழுக்காமலிருக்க உப்புத் தூவுகிறார்.

“உங்கள் தங்கை தினமும் கிரீட் பண்ணுகிறாள்,” என்கிறார் ஆங்கிலத்தில்.

எல்லோருக்கும் வணக்கம் சொல்லிப் பழகுகிறாள் போலிருக்கிறது. “நல்ல பழக்கம்தான்,” என்கிறேன்.

“நல்ல பழக்கமா? சுவர் வழியாக எனக்குக் கேட்கிறது!”

எனக்குக் குழப்பமாக இருக்கிறது. சுவருக்குப் பின்னால் யாருக்கு வணக்கம் சொல்கிறாள்?

அம்மாள் கண்ணிலிருந்து கன்னம்வரை விரலால் கோடிழுத்துக் காட்டுகிறார். அவர்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு அழுவது என்று பொருளாம். பழங்காலத்திலிருந்தே அப்படித்தானாம், ஆங்கிலேயர்கள்தான் மறந்துவிட்டார்களாம்.

நான் இருந்த நாளெல்லாம் வசந்தா என் முன்னால் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

டாக்சி வந்து நிற்கிறது. வசந்தா பொட்டலத்தோடு இறங்கி வருகிறாள். “என்னண்ணா, முகம் ஒரு மாதிரி இருக்கு? அவங்க என்ன சொன்னாங்க?”

எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. “இன்னும் கொஞ்ச நாள் இருந்துட்டுப் போகட்டுமா?” என்கிறேன்.

அவள் டாக்சி ஜன்னலில் குனிந்து, “நோன், மெர்சி,” என்று பிரெஞ்சில் வேண்டாமெனச் சொல்லி டிரைவரை அனுப்பிவிட்டு, என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறுகிறாள்.