வேர்த்தா ஓட்டலாம்

அம்மா ஓட்டுநர் இருக்கையில் இறந்தாள். வண்டி சாலையோரம் ஒழுங்காக நின்றிருந்தது. ஹேண்ட்பிரேக் போட்டிருந்தாள். இண்டிகேட்டர் எரிந்துகொண்டிருந்தது. பின் சீட்டில் ஐஸ் பெட்டி, அதற்குள் அன்று காலை வீடு வீடாகப் போய் எடுத்த இரத்தக் குழாய்கள். மாரடைப்பு என்றார்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

குழப்பம் வேறு இடத்தில். அம்மா வேலை பார்த்த பரிசோதனைக் கூடத்தின் வரவேற்பில் இருக்கும் பெண் எங்களிடம் வந்து அழுதுகொண்டே சொன்னாள்.

“அன்னைக்குக் காலையில ஆன்ட்டி ஃபேனுக்குக் கீழ உக்காந்தாங்க. என்ன ஆன்ட்டின்னு கேட்டேன். ‘டாக்டர்கிட்ட கேட்டுட்டேன், வேர்த்தா பரவாயில்லையாம், ஓட்டலாமாம்’னு சிரிச்சாங்க. காலிப் பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பிட்டாங்க.”

வியர்த்துப்போய் உட்கார்ந்திருக்கும் ஐம்பத்தெட்டு வயதுப் பெண்ணிடம் வண்டி ஓட்டலாம் என்று எந்த டாக்டர் சொல்வார்?

“யாருன்னு மட்டும் தெரியட்டும். சும்மா விட மாட்டேன்” என்றான் அண்ணன். கூடத்துக்கு வந்துபோகும் டாக்டர்கள் எல்லோரையும் கேட்டான். அன்று யாரிடமும் அம்மா பேசியிருக்கவில்லை. அவளுடைய ஃபோன் அவள் விரலுக்கு மட்டும்தான் திறக்கும். அது என் மேஜை மேல் கிடக்கிறது.

அம்மாவுக்கு நரம்பு கிடைக்காத கை கிடையாது. மற்றவர்கள் நாலு குத்துக் குத்தித் தோற்றுப்போன கிழவர்களை இவளிடம்தான் அனுப்புவார்கள். ஊசியைக் கண்டால் பயப்படுகிறவர்களிடம் ஏதாவது வம்பு இழுப்பாள். “என்ன சார், மீசை இவ்வளவு பெருசா இருக்கு, இதுக்குப் போயா?” அவர் பதில் யோசிப்பதற்குள் குழாய் நிறைந்திருக்கும். வீட்டிலும் அதே கதைதான். கேள்வி கேட்டால் சிரிப்பு வரும், பதில் வராது. வண்டியைப் பற்றி எங்களிடம் வாயே திறக்க மாட்டாள். திறந்தால் அண்ணன் உடனே “வித்துடலாம்மா” என்பான்.

இப்போது அவன் விற்க ஆள் பார்த்துவிட்டான். வந்தவர் வண்டியைச் சுற்றிவந்து, குனிந்து, தரையில் இருந்த கறையைச் செருப்பால் தேய்த்தார். “இது என்னம்மா?” என்றார். எனக்குத் தெரியவில்லை. இத்தனைக்கும் வால்வு செய்யும் ஆலையில் கசிவுச் சோதனைதான் என் வேலை.

முதலில் கண்ணாடிச் சுவர் வைத்த பெரிய சர்வீஸ் சென்டருக்குப் போனேன். டை கட்டிய ஒருவர் வந்தார். “இன்ஜினை முதல்ல கழுவணும் மேடம். அப்பத்தான் புதுசா எங்க வருதுன்னு தெரியும்.” சரியான முறைதான். எண்ணெய் வழிந்து இறங்கும், காற்றில் பின்னால் பரவும். ஈரமான இடம் எல்லாம் கசியும் இடம் அல்ல, எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் ஈரத்தைத்தான் தேட வேண்டும். தலையசைத்தேன். பளபளவென்று கழுவினார்கள்.

“இன்ஜினுக்குப் பின்னாடி ஆயிலை அடைக்கிற சீல் போயிடுச்சு மேடம். இன்ஜினை இறக்கணும்.”

“காட்டுங்க.”

“இறக்கினாத்தான் காட்ட முடியும்.”

“பாக்காமயே எப்படித் தெரிஞ்சுது?”

“இந்த மாடலுக்கு சிஸ்டம்ல அப்படித்தான் மேடம் வருது.”

அடுத்தது பெட்ரோல் பங்கை ஒட்டிய கொட்டகை. அங்கிருந்தவர் குனியக்கூட இல்லை. “ஸ்டியரிங் ஆயில்” என்றார். இந்த வண்டியின் ஸ்டியரிங் மின்சாரத்தில் இயங்குவது, அதில் ஆயிலே கிடையாது என்றேன். “அப்ப பிரேக் ஆயில்.” பிரேக் ஆயில் மட்டம் இறங்கவில்லை என்றேன். “அப்ப கியர் ஆயில்.” விட்டிருந்தால் இரத்தம் என்றும் சொல்லியிருப்பார். பக்கத்து வீட்டுக்காரர் அது ஏசியிலிருந்து வடியும் தண்ணீர் என்றார். ஏசியை யாரும் போடவே இல்லை.

வீட்டுக்கு வந்து வண்டிக்கு அடியில் வெள்ளை அட்டை விரித்தேன். காலையில் பழுப்பாக ஒரு வட்டம். காயவில்லை, ஆகவே தண்ணீர் அல்ல. ரேடியேட்டர் தண்ணீரின் பச்சையோ இனிப்பு வாடையோ இல்லை. விரல்களுக்கிடையே தேய்த்தால் கனமாக வழுக்கியது. இன்ஜின் ஆயில். எங்கிருந்து? ஆலையில் என்றால் அழுத்தம் கொடுத்து, சோப்பு நீர் அடித்து, குமிழி எங்கே வருகிறது என்று பார்த்திருப்பேன். இங்கே டார்ச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தேன். எதற்காகப் பார்க்கிறேன் என்பதே நடுவில் மறந்துபோனது. எழுந்தபோது கதவின் உள்விளிம்பில் ஒரு ஸ்டிக்கர் கண்ணில் பட்டது. ஆயில் மாற்றியதற்கான ஸ்டிக்கர். அதில் ஒரு பட்டறையின் முகவரி.

அது முட்டுச்சந்தின் கடைசியில் இருந்தது. வேறொரு வண்டியின் பானட்டுக்குள் தலையை விட்டிருந்தவர், எங்கள் வண்டியின் சத்தம் கேட்டதும் நிமிராமலே பேசினார்.

“வாங்க நர்சம்மா, வாங்க. என்ன, டாக்டர் மேல கோவமா? ஆளையே காணோம்!”

வண்டியை அணைத்தேன். இறங்க முடியவில்லை.

“யாரு டாக்டர்?” என்றேன்.

தலையை வெளியே எடுத்தார். என்னைப் பார்த்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். “பொண்ணா? வால்வு கம்பெனி? உங்க மூக்கும் அதே மூக்கும்மா.” கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். “நான்தான் டாக்டர். உங்கம்மா வெச்ச பேரு. ‘மனுசனுக்கு நான் ரத்தம் எடுத்துப் பாக்கறேன், வண்டிக்கு நீங்க ஆயில் எடுத்துப் பாக்கறீங்க’ன்னு சொல்வாங்க. அவங்க எனக்கு டாக்டர் பட்டம் குடுத்தாங்க, பதிலுக்கு நான் நர்சம்மான்னு கூப்பிடறேன். எங்க அவங்க? வேர்க்குதுன்னு ஃபோன் பண்ணாங்க. அப்புறம் சத்தமே இல்ல.”

சொன்னேன். இரண்டு வாக்கியம்தான் சொல்ல வந்தது. அங்கே கிடந்த ஒரு டயர் மேல் அவர் உட்கார்ந்தார்.

“எப்ப?”

“உங்களுக்கு ஃபோன் பண்ண அன்னைக்குத்தான்.”

பட்டறையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. எழுந்து போய் அணைத்துவிட்டு வந்தார்.

“வேர்க்குதுன்னா எங்க பேச்சுல வேறம்மா,” என்றார். “இன்ஜின் மேல் மூடி ஓரமா ஆயில் லேசா பூத்து நிக்கும், கீழ விழாது. அதைத்தான் வேர்க்குதுன்னு சொல்றது. வேர்த்தா ஓட்டலாம். கசிஞ்சா கவனிக்கணும். சொட்டினா கொண்டு வரணும். ஒழுகினா அங்கயே நிறுத்திடணும். இதை உங்கம்மாவுக்கு நான்தான் சொல்லிக் குடுத்தேன். என்னைவிட நல்லாச் சொல்வாங்க.”

“அன்னைக்கு என்ன சொன்னாங்க? அப்படியே சொல்லுங்க.”

“‘டாக்டர், வேர்க்குது, என்ன பண்ணட்டும்?’னாங்க. ‘வேர்த்தா ஓட்டுங்க நர்சம்மா’ன்னேன். சிரிச்சாங்க. வெச்சுட்டாங்க.” கையை மறுபடி துடைத்தார். “எது வேர்க்குதுன்னு நான் கேக்கலையே.”

நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இரத்தம் எடுக்கிறவளுக்கு அப்படி வியர்ப்பது எதன் அறிகுறி என்று தெரியாதா? தெரியும். தெரிந்தால் மெக்கானிக்கிடமா கேட்பாள்? கேட்க மாட்டாள். ஆனால் தன்னைப் பற்றிய எதையும் வம்பாக மட்டுமே சொல்லத் தெரிந்தவள். யாரிடமாவது சொல்லியாக வேண்டும் என்று இருந்து, இவரிடம் அதை வேடிக்கையாகச் சொல்லியிருந்தால்?

“வண்டியப் பாத்தாத் தெரியுமா?” என்றேன்.

“தெரியும். மேல் மூடி வேர்த்திருந்தா தூசி ஒட்டி நிக்கும். அப்படி இருந்தா அவங்க வண்டியைத்தான் சொன்னாங்கன்னு அர்த்தம்.” பானட்டைத் தூக்கினார். “அந்த மூடி வேலை நான் செஞ்சது. வேர்க்கக் கூடாது. வேர்த்திருக்கணும்னு இப்ப வேண்டிக்கறேன் பாருங்க.”

டார்ச்சைப் பிடித்தார். மூடி பளபளவென்று இருந்தது.

“யாரும்மா இதைக் கழுவினது?”

சொன்னேன்.

“சரியாத்தான் செஞ்சிருக்கான்” என்றார். “கழுவாம யாரும் பாக்க மாட்டாங்க.”

வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தார். ஆயில் வடிக்கிற போல்ட்டில் வாஷர் தேய்ந்திருந்தது. தரையில் கண்ட கறை அதுதான். மாற்றி முறுக்கினார். காப்பி ஆறும் நேரத்து வேலை. இன்ஜினை இறக்கவேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

“இது சொட்டற கேசு. வேர்வைக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.” வெளியே வந்து உட்கார்ந்தார். “மேல ஈரம் இருந்துச்சுன்னு உங்களுக்கு நான் சொல்லிடலாம். எனக்கும் தூக்கம் வரும். ஆனா நான் பாக்கலையே.”

“அப்ப எப்படித்தான் தெரிஞ்சுக்கறது?”

“இன்ஜின் இப்ப சுத்தமா இருக்கு. கொஞ்ச நாள் ஓட்டுங்க. மூடி மறுபடி வேர்த்தா, அன்னைக்கும் வேர்த்திருக்கும்.”

“வேர்க்கலன்னா?”

துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். “வெயில்ல வேர்க்கும், மழைக்கு வேர்க்காது. மூடிக்கு அடியில இருக்கறது ரப்பர்தானே. அப்பவும் உறுதியாச் சொல்ல முடியாது. தெரியலம்மா.”

நான் போன இடங்களில் தெரியவில்லை என்ற சொல்லைக் கேட்டது இங்கேதான். கோபம் வர வேண்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவர் கை இன்னும் அந்தத் துணியை விடவில்லை.

வண்டியை ஓட்டிக்கொண்டு திரும்பினேன். சந்து முனையில் நிறுத்தி, பானட்டைத் திறந்து, மூடியின் விளிம்பில் விரலை ஓட்டினேன். சூடு. ஈரம் இல்லை. அதற்குள் எப்படி வரும்? தெரிந்துகொண்டேதான் தொட்டேன். என் கழுத்தில் வியர்த்திருந்தது.

அண்ணன் அழைத்தான். “என்ன, கறை என்னன்னு தெரிஞ்சுதா? அந்த ஆளு காத்திருக்காரு. வண்டியை எப்ப அனுப்பற?”

“அனுப்பலண்ணா. கொஞ்ச நாள் நான் ஓட்டணும்.”

“நீயா? ஏன்?”

“டாக்டர் ஓட்டச் சொல்லியிருக்கார்.”

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் எனக்கே கேட்டது.

“எந்த டாக்டர்?” என்றான்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பானட்டை மூடினேன். ஃபோனைக் காதில் வைத்தபடி, வண்டியின் மேல் சாய்ந்து, முதலில் கறையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன்.