டால்டா டப்பாச் சக்கரம்

எட்டாவதோடு படிப்பை விட்டவள் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிக் கண்காட்சிக்காக மகள் அடுப்பில் காய்ச்சிய கம்பியால் சோலார் விளக்குக்கு ஈயம் பற்றவைத்தாள். அந்த வாடையில் அப்பா நினைவு வந்தது. ஓவேலித் தேயிலை எஸ்டேட்டில் தொழிலாளர்களுக்கான எங்கள் லைன் வீட்டுக்கு அன்றும் இன்றும் கரண்ட் இல்லை. நான் படிப்பதற்காக அவர் டால்டா டப்பாவை வெட்டி, ஈயம் வைத்துச் சக்கரமாக்கி, சைக்கிள் டைனமோவைப் பூட்டி, ஓடையில் வைத்தார். பல்பு எரிந்தது.

“ஏனுங்க, ஊட்டுக்குள்ள கொண்டாங்க. சோத்துல கல்லுப் பாத்துத் திங்கலாம்,” என்றாள் அம்மா.

வீடுவரை கம்பி இழுப்பதற்குள் எஸ்டேட்காரர்கள் ஓடையை ஃபேக்டரித் தொட்டிக்குத் திருப்பிவிட்டார்கள். வறண்ட ஓடையில் அப்பா சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தார்.

“நாளைக்கு வெயில் அடிக்குமாம்மா?” என்று மகள் கேட்டாள்.

“அடிக்கும் கண்ணு.”

மறுநாள் முழுக்க மூடுபனி. கண்காட்சியில் விளக்கு எரியவில்லை. மாலையில் அவள் மெழுகுவர்த்தியில் வீட்டுக்கணக்குப் போட்டாள்.